தொற்றும் தொண்டும் – 17: தொடாமல் செய்த முதலுதவி

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள்ளும் முகாமுக்குள்ளும் அடைபட்டுக் கிடந்தவர்களுக்குத் தொண்டர்கள் செய்த உதவியை முதலுதவி என்று அழைப்பது பொருந்துமா என்ற கேள்வி, 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலை விட்டு 2020ஆம் ஆண்டின் கொரோனாவுக்கு இத்தொடர் வந்து சேரும் இந்த இடத்தில் தவிர்க்க முடியாததாகிறது. காயத்தைக் கட்டுவது, எலும்பு முறிந்த காலுக்கு மட்டை வைப்பது, மயங்கியவரைப் புரட்டிப் படுக்க வைப்பது என அதுவரை முதலுதவி என்ற பெயரில் கற்பிக்கப்பட்ட எல்லாமே ஒருவர் மற்றொருவரின் உடலைத் தொடுவதில் தொடங்கியவை. தனிமைப்படுத்தலோ தொடுவதைத் தடுப்பதற்காகவே ஏற்பட்ட ஏற்பாடு. இவ்விரண்டும் ஒரே வீட்டு வாசலில் சந்தித்தபோது முதலுதவியின் கருவிகள், அதைச் செய்பவர், அதைப் பெறும் தகுதி ஆகிய மூன்றும் எவ்வாறு மாறின என்பதைத் தலைநகரின் தென்மேற்கே உள்ள ஆர்.கே.புரத்தையும் அதைச் சூழ்ந்த தில்லியையும் கொண்டு இந்த அத்தியாயம் ஆராய்கிறது.

முதலுதவியின் பிறப்பை முன்பே விரிவாகக் கண்டதால், இங்கு அதன் நோக்கத்தை மட்டும் நினைவுகூர்வது போதும். 1877இல் இலண்டனில் தொடங்கப்பட்ட புனித ஜான் ஆம்புலன்ஸ் சங்கம், அடுத்த ஆண்டிலேயே வுல்விச் நகரின் பொதுமக்களுக்கு வகுப்புகள் எடுத்தது. அவ்வகுப்புகளுக்கான கையேட்டை எழுதிய படை மருத்துவர் பீட்டர் ஷெப்பர்டு, 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானா போரில் காயமடைந்த ஒருவருக்கு உதவிக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். போர்க்களம், இரயில் தண்டவாளம், சுரங்கம், தொழிற்சாலை ஆகியவையே அச்சங்கத்தின் கண்முன் இருந்த இடங்கள். இந்தியச் சட்டத்திலும் அந்தப் பார்வையே பதிந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டும் என்றும், அது பயிற்சி பெற்ற ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. பேருந்து நடத்துநர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் முதலுதவிச் சான்றிதழை இணைக்க வேண்டும் என்ற நடைமுறையைத் தமிழ்நாட்டில் பலர் அறிவர். பல்லாயிரம் பேர் இவ்வாறு சான்றிதழ் பெற்றிருந்த நாட்டில், அச்சான்றிதழுக்கான பாடத்தின் மையத்தில் விபத்து இருந்ததே தவிர, பதினான்கு நாட்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும் மனிதர் இல்லை.

தனிமைப்படுத்தல் இதைவிட நெடுங்காலம் முந்தியது. 1377இல் ஏட்ரியாட்டிக் கடற்கரையின் இரகூசா நகரம், இன்றைய துப்ரோவ்னிக், கொள்ளைநோய் கண்ட இடங்களிலிருந்து வருபவர்களை முப்பது நாட்கள் நகருக்கு வெளியே நிறுத்தி வைத்தது. நோய் கண்டவரைப் பிரித்து வைப்பதும், நோய் இன்னும் வெளிப்படாத, ஆனால் தொற்றியிருக்கக்கூடும் என்று ஐயுறப்படுபவரைப் பிரித்து வைப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பது பொதுச் சுகாதாரத்தின் பாலபாடம். எனினும் இரண்டையும் தனிமைப்படுத்தல் என்ற ஒரே சொல்லால் குறிப்பது தமிழ் நாளிதழ்களில் நிலைத்துவிட்டதால் இங்கும் அவ்வழக்கே பின்பற்றப்படுகிறது. இந்தியாவில் இந்த அதிகாரத்துக்குச் சட்ட வடிவம் தந்தது, பம்பாய்ப் பிளேக்கை ஒட்டி 1897 பிப்ரவரியில் இயற்றப்பட்ட கொள்ளைநோய்கள் சட்டம். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களை நிறுத்திவைத்து, உடைகளைக் கிருமிநீக்கம் செய்து, உடலைச் சோதித்து அனுப்பிய மண்டபம் முகாமும் அதே மனப்பாங்கின் விளைவு. அம்முகாம் காப்பாற்ற எண்ணியது அதற்குள் இருந்தவர்களையா, கடலுக்கு அப்பால் இருந்த தோட்டங்களையா என்பதில் பெரிய ஐயத்துக்கு இடமில்லை.

அடைக்கப்பட்டவர்களுக்குள்ளேயிருந்து ஒரு தொண்டர் குழு எழுந்ததற்கு, நன்கு பதிவான முன்னுதாரணம் 1904 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க்கில் கிடைக்கிறது. தங்கச் சுரங்கமொன்றில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர் இருபத்து மூன்று பேர் நுரையீரல் பிளேக்கோடு தங்கள் குடியிருப்புக்குத் திரும்பியபோது, தமிழ் உட்பட நான்கு மொழிகளில் வெளிவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழோடு தொடர்புடைய மதன்ஜித் வியாவகாரிக், ஆளில்லாத வீடொன்றின் பூட்டை உடைத்து அவர்களை அங்கே படுக்க வைத்தார். மருத்துவர் வில்லியம் காட்பிரேயும், வழக்கறிஞராக இருந்த காந்தியும், அவருடைய அலுவலக இளைஞர்கள் நால்வரும் இரவு பகலாக அவர்களைக் கவனித்தனர். நகராட்சி மறுநாள் ஒரு கிடங்கைத் தந்து ஒரு செவிலியரையும் அனுப்பியது. நோயாளிகளுள் மிகச் சிலரே பிழைத்தனர், அச்செவிலியரும் இறந்தார், தொண்டர்கள் நோய்க்குத் தப்பினர். நுரையீரல் பிளேக் இருமலில் பரவும் நோய் என்பதை எண்ணினால், அத்தொண்டர்கள் தப்பியதை நற்பேறு என்று சொல்வதே நேர்மை. தொட்டுச் செய்யும் பணிவிடை, தொற்றுநோயின் முன் எவ்வளவு பெரிய பணயம் என்பதை அந்தக் கிடங்கு காட்டியது. 1918இன் விஷக்காய்ச்சலில், இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படும் அந்த மாதங்களில், வீடு வீடாக மருந்து கொண்டுசென்ற தொண்டர்களும் அதே பணயத்தை வைத்தே நடந்தனர்.

இனி ஆர்.கே.புரம். விடுதலைக்குப் பின் பெருகிய மத்திய அரசு ஊழியர்களுக்காக 1950களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட குடியிருப்பு இது. செக்டார் என்று வழங்கும் எண்ணிட்ட பகுதிகள், அவற்றுக்குள் அடுக்கு வீடுகள், இடையிடையே பூங்கா, அங்காடி, பள்ளி, அலுவலகக் கட்டடங்கள் என்பது இதன் அமைப்பு. வீட்டின் அளவு குடும்பத்தின் அளவைப் பொறுத்ததன்று, ஊழியரின் பதவிநிலையைப் பொறுத்தது. முதல் வகை என்பது கடைநிலை ஊழியருக்கான மிகச் சிறிய வீடு, வகை எண் கூடக் கூட அறைகளும் கூடும். ஏழாம் செக்டாரின் குன்றின்மேல், 1973 ஜூனில் குடமுழுக்கு நடந்த உத்தர சுவாமிமலைக் கோயில், தில்லிவாசிகளின் வழக்கில் மலை மந்திர், இருப்பதாலும், 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடமும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்றும் இங்கேயே அமைந்திருப்பதாலும், தலைநகரத் தமிழரின் வாழ்வில் இப்பகுதிக்குத் தனி இடம் உண்டு. ஆனால் தொற்றின் வரலாற்றில் முக்கியமானது இதன் அண்டை அயல். சப்தர்ஜங் மருத்துவமனையும் எய்ம்ஸும் வட்டச்சாலையில் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. 2020 மார்ச் 2இல் உறுதி செய்யப்பட்ட தில்லியின் முதல் கொரோனா நோயாளி சப்தர்ஜங்கில்தான் சிகிச்சை பெற்றுக் குணமடைந்தார். செக்டார்களின் ஓரங்களிலும் இடைவெளிகளிலும், மூன்றாம் செக்டாரின் இரவிதாஸ் கேம்ப் போன்ற குடிசைப் பகுதிகள் இருக்கின்றன. வீட்டு வேலை, கார் துடைத்தல், துணி தேய்த்தல் என அடுக்கு வீடுகளின் அன்றாடத்தைத் தாங்குவோர் இத்தகைய பகுதிகளிலிருந்தே வருகின்றனர்.

மார்ச் 23இல் தில்லியும் 25இல் நாடு முழுவதும் முடக்கப்பட்டபோது, தொற்று உறுதியான ஒவ்வொருவரும் மருத்துவமனையிலோ அரசு மையத்திலோ இருக்க வேண்டும் என்பதே விதி. படுக்கைகள் தீர்ந்துவிடும் என்பது தெளிவான பிறகு, ஏப்ரல் 27இல் மத்திய சுகாதார அமைச்சகம் மிக இலேசான அறிகுறி உள்ளவர்கள் வீட்டிலேயே தனிமையில் இருக்கலாம் என்ற வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இந்திய முதலுதவியின் வரலாற்றில் இந்த ஆவணத்துக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் உடனிருக்கும் ‘பராமரிப்பாளர்’ ஒருவர் வேண்டும், அவர் மூன்றடுக்கு முகக்கவசம் அணிய வேண்டும், நோயாளியின் தட்டையும் துணியையும் எவ்வாறு கையாள வேண்டும், மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ குழப்பமோ உதடு நீலமாதலோ கண்டால் உடனே யாரை அழைக்க வேண்டும் என்றெல்லாம் அது விரிவாகச் சொன்னது. அதுவரை சான்றிதழ் பெற்ற சிலரின் திறமையாக இருந்த முதலுதவியை, எந்தப் பயிற்சியும் இல்லாத தாயிடமோ மகனிடமோ மனைவியிடமோ ஒரு தாளின் மூலம் ஒப்படைத்தது அரசு.

அந்தத் தாளில் ஒரு நிபந்தனை இருந்தது. நோயாளி தனித்திருக்கவும், குடும்பத்தார் அவரிடமிருந்து விலகியிருக்கவும் வீட்டில் தேவையான வசதி இருக்க வேண்டும். ஆர்.கே.புரத்தைப் போலப் பதவிநிலைக்கு ஏற்ப அறைகளை எண்ணிக் கட்டிய குடியிருப்பில் இதன் பொருள் வெளிப்படை. உயர்வகை வீட்டில் இருப்பவருக்கு ஓர் அறையும் அதை ஒட்டிய குளியலறையும் ஒதுக்க முடியும். கீழ்வகை வீட்டில் நான்கைந்து பேர் ஒரே கழிப்பறையைப் பகிர்வர். குடிசைப் பகுதியில் கழிப்பறையே பொதுவானது. வீட்டில் இருந்தபடி உதவி பெறும் உரிமை, நோயின் கடுமையால் மட்டுமன்றிச் சுவர்களின் எண்ணிக்கையாலும் தீர்மானிக்கப்பட்டது. மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டம் 1954 முதல் தில்லியில் இயங்கி வருவதால், சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்சரி என்று மக்கள் சொல்லும் மருந்தகம் இப்பகுதியில் நடந்து செல்லும் தூரத்தில் இருப்பது அரசு ஊழியருக்குக் கூடுதல் வசதி. அவர் வீட்டில் வேலை செய்பவருக்கு அத்திட்டத்தின் அட்டை கிடையாது.

ஜூன் மாதத்தில் இந்த ஏற்பாடே ஒருநாள் ஆட்டம் கண்டது. தொற்று உறுதியான அனைவரும் ஐந்து நாட்கள் அரசு மையத்தில் கட்டாயமாக இருந்த பிறகே வீட்டுத் தனிமைக்கு அனுப்பப்படுவர் என்று துணைநிலை ஆளுநர் அனில் பைஜல் ஜூன் 19இல் ஆணையிட, மாநில அரசு கடுமையாக எதிர்க்க, மறுநாளே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதற்கு இரண்டு நாட்கள் கழித்து, வீட்டுத் தனிமையில் இருக்கும் நோயாளிகளுக்குப் பல்ஸ் ஆக்சிமீட்டர் வழங்கப்படும் என்று முதலமைச்சர் அரவிந்த் கேஜ்ரிவால் அறிவித்தார்.

விரல் நுனியில் கவ்விக்கொள்ளும் இந்தச் சிறு கருவியே, இந்தப் பெருந்தொற்றில் முக்கோணக் கட்டுத்துணியின் இடத்தைப் பிடித்தது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்த தத்துவத்தின்மீது இது இயங்குகிறது: ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்புக் கதிரையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், விரலின் ஒருபுறம் இரண்டையும் பாய்ச்சி மறுபுறம் அளந்தால், நாடித்துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைக் கணக்கிட முடியும். அயோயாகி 2020 ஏப்ரல் 18இல், அவருடைய கருவி உலகெங்கும் வீட்டுப் பொருளாகிக்கொண்டிருந்த நேரத்தில், காலமானார். கொரோனாவில் இதன் தேவை தனித்தன்மை வாய்ந்தது. சில நோயாளிகளுக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்த பின்னும் மூச்சு வாங்குவது தெரிவதில்லை. அவர்கள் பேசுவார்கள், சாப்பிடுவார்கள், பிறகு திடீரென்று சரிவார்கள். கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் நோயின் நிலையை அறிவது முதலுதவியின் அடிப்படைப் பாடம் என்றால், பார்வைக்கும் தொடுகைக்கும் அகப்படாத இந்த ஆபத்து அப்பாடத்தையே செல்லாததாக்கியது. 94 என்ற எண் கோட்டைக் குறித்தது. அதற்குக் கீழே போனால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்ற ஒரே விதியை, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்க முடிந்தது.

மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டமும் தன் உறுப்பினர்களுக்கு, வீட்டுத் தனிமையில் இருக்கும் குடும்பம் ஒன்றுக்கு ஓர் ஆக்சிமீட்டர் வாங்கிக்கொண்டு 1,200 ரூபாய் உச்சவரம்புக்குள் செலவைத் திரும்பப் பெற அனுமதித்தது. கோப்பும் இரசீதுமாக இயங்கும் ஒரு குடியிருப்பில் முதலுதவியும் இரசீது வழியே வந்தது வியப்பன்று. இக்கருவியைப் பற்றி ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கருநிறத் தோல் உடையவர்களில் இது உண்மையைவிடக் கூடுதலான செறிவைக் காட்டிவிடும் வாய்ப்பு அதிகம் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர்கள் மிச்சிகன் மருத்துவமனைத் தரவுகளைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு எச்சரித்தது. பல நிறத் தோல்களைக் கொண்ட இந்தியாவில் இந்த எச்சரிக்கை பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை.

கதவுக்கு உள்ளே பராமரிப்பாளரும் கருவியும் இருக்க, கதவுக்கு வெளியே யார் இருந்தார்கள்? தில்லியில் இதற்கு விடை பெரும்பாலும் குடியிருப்போர் நலச் சங்கம், அதாவது ஆர்.டபிள்யூ.ஏ. தனியார் குடியிருப்புகளில் இது வீட்டு உரிமையாளர்களின் அமைப்பு. அரசுக் குடியிருப்புகளிலோ பணியாளர் மற்றும் பயிற்சித் துறையின் அங்கீகாரத்தோடு ஊழியர்களின் நலச் சங்கங்களும், அத்துறை அமர்த்தும் பகுதி நல அலுவலர்களும் இருப்பது நெடுநாள் வழக்கம். குடிநீர்க் குழாயும் பூங்கா விளக்கும் பற்றி மனு எழுதிக்கொண்டிருந்த இச்சங்கங்கள், 2020இல் தில்லி முழுவதும் திடீரென்று சுகாதார நிர்வாகத்தின் கடைசிக் கண்ணியாயின. பாலும் காய்கறியும் மருந்தும் வாசலில் வைப்பது, தொலைபேசியில் நலம் விசாரிப்பது, ஆம்புலன்சுக்கு அலைவது எல்லாம் இவற்றின் வாட்ஸ்அப் குழுக்கள் வழியே நடந்தன. அதே சங்கங்கள்தாம் பல இடங்களில் வீட்டுப் பணியாளர்களை வாயிலில் தடுத்தன, யார் வீட்டில் நோய் என்பதை ஊரறியச் செய்தன. 2020 மார்ச் 24இல் எய்ம்ஸ் உறைவிட மருத்துவர்கள் சங்கம், வாடகை வீடுகளிலிருந்து மருத்துவப் பணியாளர்கள் வெளியேற்றப்படுவதாக உள்துறை அமைச்சருக்கு எழுத நேர்ந்தது. தொண்டும் தீண்டாமையும் ஒரே அமைப்பிலிருந்து, சில நேரம் ஒரே நபரிடமிருந்து வெளிப்பட்டதை மறைத்து எழுதும் பெருந்தொற்று வரலாறு புகழுரையாகவே முடியும்.

இதன் கூர்மையான சான்று கதவில் ஒட்டிய சுவரொட்டி. வீட்டுத் தனிமையில் இருப்பவரின் வாசலில் அறிவிப்பு ஒட்டும் வழக்கம், உதவி செய்பவர் எச்சரிக்கையாக இருப்பதற்கு என்று நியாயப்படுத்தப்பட்டது; நடைமுறையில் அது உதவி செய்ய வருபவரையே விரட்டியது. வழக்கு தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனபோது, சுவரொட்டிகளை ஒட்ட வேண்டாம் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருப்பதாக மாநில அரசு 2020 நவம்பரில் தெரிவித்தது. உரிய அதிகாரி குறிப்பாக ஆணையிட்டாலன்றிச் சுவரொட்டி ஒட்டக்கூடாது என்று டிசம்பர் 9இல் உச்சநீதிமன்றமும் கூறியது.

நலச் சங்கங்களின் பங்கை மத்திய அரசு முறைப்படுத்த முயன்றதற்கு, 2020 ஜூலையில் வெளிவந்த மற்றொரு வழிகாட்டு நெறி சான்றாகிறது. சுற்றுச்சுவருக்குள் அமைந்த குடியிருப்புகளில், நலச் சங்கமோ தொண்டு நிறுவனமோ சமுதாயக் கூடத்திலோ ஆளில்லாத வீடுகளிலோ சிறிய பராமரிப்பு மையம் அமைக்கலாம். அதற்குத் தனி வாயில் வேண்டும், படுக்கைகளுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும், அறிகுறி இல்லாதவரையும் இலேசான அறிகுறி உள்ளவரையும் மட்டும் சேர்க்கலாம், முதியோர், பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்றோர், நாட்பட்ட நோயுள்ளோர் ஆகியோரைச் சேர்க்கக்கூடாது என்றெல்லாம் அது வகுத்தது. படிக்கச் சீராக உள்ள இத்திட்டம் யாருடைய குடியிருப்பை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது என்பது வெளிப்படை: காலி வீடும், காவலாளியும், உள்ளேயே வசிக்கும் மருத்துவரும் உள்ள மாடிக் குடியிருப்பு. ஒதுக்கீட்டுக்காக ஊழியர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் அரசுக் குடியிருப்பில் காலி வீடு என்பது அரிது.

வீட்டுக்கு அப்பால், முகாம்களில் நிலைமை வேறு. 2020 மார்ச் இறுதியில் நிஜாமுதீன் மர்கஸிலிருந்து வெளியேற்றப்பட்ட தப்லீக் ஜமாஅத்தினர் நரேலா, சுல்தான்புரி உள்ளிட்ட மையங்களில் வைக்கப்பட்டனர். அவர்களுள் தமிழ்நாட்டவர் கணிசமாக இருந்தனர். மொழி தெரியாத ஊரில், குடும்பத்திடமிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பதினான்கு நாட்கள் என்று சொல்லப்பட்டு அதைவிட நெடுநாள் நீண்ட அடைப்பு அது. சுல்தான்புரி முகாமில் தமிழ்நாட்டைச் சேர்ந்த, நீரிழிவு நோய் இருந்த ஒருவர் ஏப்ரலில் இறந்ததை அடுத்து, உணவும் மருந்தும் நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்ற புகாரைத் தில்லி சிறுபான்மையினர் ஆணையம் அரசின் முன் வைத்தது. அந்த மரணத்தின் மருத்துவக் காரணத்தைத் தீர்ப்பது இத்தொடரின் வேலையன்று. ஆனால் இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு உணவு தாமதமானால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும் என்பதும், வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகிய அறிகுறிகளைக் கண்டவுடன் சர்க்கரையோ இனிப்புப் பானமோ தர வேண்டும் என்பதும் எந்த முதலுதவிக் கையேட்டிலும் உள்ள பாடங்கள். தனிமை முகாமில் முதலுதவியாளர் தேவைப்படுவது கொரோனாவுக்காக மட்டுமன்று, கொரோனாவோடு உள்ளே அடைபட்ட பழைய நோய்களுக்காகவும்தான். நரேலாவில் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து பகல்நேரப் பொறுப்பை இராணுவம் ஏற்றபோது, அனுப்பப்பட்ட நாற்பது பேர் குழுவில் ஆறு மருத்துவ அலுவலர்களும் பதினெட்டு துணை மருத்துவப் பணியாளர்களும் இருந்தனர். அடைக்கப்பட்டிருந்தவர்களே பிறருக்கு உதவியாளர்களாக மாறியது அதன் அடுத்த கட்டம்: குணமடைந்த தப்லீக் உறுப்பினர் பலர், தமிழர் உட்பட, ஏப்ரல் கடைசியில் பிளாஸ்மா கொடுக்க முன்வந்தனர். நோயிலிருந்து மீண்டவரின் குருதி நீர்மத்தை நோயாளிக்கு ஏற்றும் அந்தச் சிகிச்சை பயனளிக்கவில்லை என்று கண்டு, 2021 மே மாதம் தேசிய நெறிகளிலிருந்து நீக்கப்பட்டது என்பது கொடையாளர்களின் குறையன்று.

முதலுதவிப் பயிற்சியும் சீருடையும் உள்ள தொண்டர் படை தில்லியில் இல்லாமலில்லை. 1968ஆம் ஆண்டின் குடிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், வான்தாக்குதல் நேர்ந்தால் தீயணைக்கவும் மீட்கவும் காயத்தைக் கட்டவும் பயிற்றுவிக்கப்பட்ட சிவில் டிபென்ஸ் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் மாவட்ட நிர்வாகங்களின்கீழ் இருந்தனர். நாளொன்றுக்குப் படி பெறும் இவர்கள், பெயரளவில் தொண்டர்கள், நடைமுறையில் வேலையில்லாத இளைஞர்கள். பெருந்தொற்றில் இவர்கள் முகாம்களின் வாயிலிலும், கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளின் தடுப்புகளிலும், முகக்கவசம் அணியாதவரிடம் அபராதம் வசூலிக்கும் பணியிலும் நிறுத்தப்பட்டனர். கட்டுப்போடக் கற்றவர்கள் கட்டுப்பாட்டைக் காக்க அனுப்பப்பட்டார்கள். ஒருவருக்குக் காவலாளியாகவும் உதவியாளராகவும் ஒரே நேரத்தில் இருப்பது கடினம். தடுப்புக்கு உள்ளே இருப்பவர் தம் காய்ச்சலை அபராதச் சீட்டு வைத்திருப்பவரிடம் சொல்ல மாட்டார். பயிற்சி பெற்ற படையை இவ்வாறு செலவிட்டது, தில்லி நிர்வாகம் பெருந்தொற்றில் செய்த தவறுகளுள் அதிகம் பேசப்படாத ஒன்று.

2021 ஏப்ரலில் வந்த இரண்டாம் அலை, அதற்கு முந்தைய எல்லாக் கணக்குகளையும் உடைத்தது. ஏப்ரல் 20ஆம் நாள் மட்டும் தில்லியில் 28,395 பேருக்குத் தொற்று உறுதியானது. மாத இறுதியில் ஐம்பதாயிரம் அளவில் நோயாளிகள் வீட்டுத் தனிமையில் இருந்தனர். முதல் அலையில் வீட்டுத் தனிமை என்பது நோய் இலேசானவருக்கான ஏற்பாடு. இப்போது படுக்கை கிடைக்காதவருக்கான ஒரே இடம் அதுவே. மருத்துவமனைகளிலேயே ஆக்சிஜன் தீர்ந்து நோயாளிகள் இறந்த அந்த நாட்களில், ஏப்ரல் 22இல் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட ஒரு குறிப்பேடு, குப்புறப் படுத்தலை வீட்டு நோயாளிக்கும் கற்பித்தது. மல்லாந்து படுக்கும்போது இதயமும் வயிற்றின் உறுப்புகளும் நுரையீரலின் பின்பகுதியை அழுத்துகின்றன; குப்புறப் படுத்தால் அப்பகுதி விரிந்து, இரத்த ஓட்டம் மிகுந்த இடத்துக்குக் காற்றும் போய்ச் சேர்கிறது. கழுத்தடியில் ஒரு தலையணை, மார்பிலிருந்து மேல்தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே இரண்டு என நான்கைந்து தலையணைகள் போதும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் செய்யக்கூடாது, கருவுற்றோரும் கடும் இதய நோயாளிகளும் தவிர்க்க வேண்டும். யாரும் யாரையும் தொடாமல், அறை வாசலில் நின்றோ தொலைபேசியிலோ சொல்லிச் செய்ய வைக்கக்கூடிய முதலுதவி இது. ஆக்சிமீட்டர் ஆபத்தை அறிவித்தது. தலையணைகள் சில மணி நேரத்தை வாங்கித் தந்தன.

அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆக்சிஜனைத் தேடியவர்கள் பெரும்பாலும் எந்தச் சான்றிதழும் இல்லாதவர்கள். தில்லியை ஒட்டிய காசியாபாத்தின் இந்திராபுரம் குருத்துவாராவில் கல்சா ஹெல்ப் இன்டர்நேஷனல் அமைப்பினர், அன்னதானத்தின் பெயரையே சூட்டி ‘ஆக்சிஜன் லங்கர்’ நடத்தினர். காரிலும் ஆட்டோவிலும் வந்த நோயாளிகள் சாலையோரத்திலேயே சுவாசித்தனர். மே மாதத்தில் ரகாப்கஞ்ச் குருத்துவாராவில் தில்லி சீக்கிய குருத்துவாரா நிர்வாகக் குழு பராமரிப்பு மையம் திறந்தது. மே 15இல் மாநில அரசு, மாவட்டத்துக்கு ஒன்றாக ஆக்சிஜன் செறிவூட்டி வங்கிகளை அறிவித்தது. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து ஆக்சிஜனைச் செறிவாக்கித் தரும் அக்கருவியை, வீட்டுத் தனிமையில் தேவைப்படுபவரின் வாசலுக்கே இரண்டு மணி நேரத்தில் கொண்டுசேர்ப்பது திட்டம். தொண்டர்கள் மூன்று வாரமாகச் செய்துகொண்டிருந்ததை அரசு பின்தொடர்ந்தது என்றே இதை வாசிக்க வேண்டும். அதே மாதத்தில், அரசியல்வாதிகளும் அறக்கட்டளைகளும் மருந்தையும் ஆக்சிஜனையும் சேர்த்து வைத்து வழங்கியது பதுக்கல் ஆகுமா என்ற வழக்கு தில்லி உயர்நீதிமன்றத்தின் முன் இருந்தது. உதவியவர்கள் சிலரிடம் காவல்துறை வாக்குமூலம் வாங்கியது. உரிமமின்றி மருந்து சேர்ப்பது குற்றம் என்பது சட்டப்படி சரியே. உரிமம் உள்ள கடைகளில் அம்மருந்து அன்று கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே வரலாறு பதிய வேண்டும்.

மரபான முதலுதவியும் இதற்கிடையே தன் பாடத்தைத் திருத்திக்கொண்டது. இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்துவதோடு வாயோடு வாய் வைத்து ஊதுவதையும் கற்பித்து வந்த உலகளாவிய அமைப்புகள், 2020 வசந்தத்தில், பொதுமக்கள் மார்பை மட்டும் அழுத்தினால் போதும், நோயாளியின் வாயையும் மூக்கையும் ஒரு துணியால் மூடிக்கொள்ளலாம் என்று அறிவுறுத்தின. முதலுதவியின் மிக நெருக்கமான செயல் இவ்வாறு பின்வாங்கியது. துயரத்தில் இருப்பவரின் பேச்சைக் கேட்டு, அவர் அச்சத்தைத் தணித்து, தேவையான உதவியோடு இணைத்துவிடுவதை உளவியல் முதலுதவி என்ற பெயரில் உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே கையேடாக்கியிருந்தது. பேரிடர்க் களங்களுக்காக எழுதப்பட்ட அது, தனிமை அறைகளுக்குத் தொலைபேசி வழியே புதிதாகப் பயன்பட்டது.

வீட்டுத் தனிமையின் காலம், 2020 மே மாதத்தின் பதினேழு நாட்களிலிருந்து பத்தாகக் குறைந்து, 2022 ஜனவரி 5இன் நெறிகளில் ஏழாக நின்றது. பேருந்து மார்ஷல்களாக அமர்த்தப்பட்டிருந்த சிவில் டிபென்ஸ் தொண்டர்கள், 2023 இலையுதிர்காலத்தில் தில்லி பேருந்துகளிலிருந்து நீக்கப்பட்டு, வேலை கேட்டுத் தெருவில் இறங்கிப் போராடினர். தனிமைப்படுத்தப்பட்டவருக்குக் கடைக்குப் போய்வரவும் மருந்து வாங்கித் தரவும் தனியாகவே தொண்டர்களை அமர்த்திய சென்னை மாநகராட்சியின் ‘ஃபோகஸ்’ திட்டம், காவலையும் உதவியையும் ஓரளவேனும் பிரித்து வைக்க முயன்ற ஏற்பாடு என்பதால், அது அடுத்த அத்தியாயத்தில் தனியே ஆராயப்படும்.